ரங்கநாயகி கேட்டு வாங்கிய உறை

ரங்கநாயகிக்கு நாற்றம் என்றாலே ஆகாது. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, தென்னூர்க் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தை அவர் திறந்தால், எலிகூடக் காலைத் துடைத்துக்கொண்டுதான் நுழையும் என்று பேராசிரியை டோரதி கேலி செய்வார். இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவிக் கழுவி, ரேஷன் கடை மெஷினுக்கே பிடிபடாத அளவுக்குக் கைரேகை தேய்ந்துபோன பெண்மணி. அந்தச் சுத்தம்தான் ஒருநாள் அவரைக் கவிழ்த்தது.

பச்சைமலை அடிவாரத்தில் எப்போதோ மூடிப்போன ஒரு சுரங்கத்தின் கழிவுமேடு. மழை பெய்தால் அதிலிருந்து புளித்த துருத் தண்ணீர் இறங்கி, அங்கே விவசாயம் பார்க்கும் மலர்க்கொடியின் கிணற்றைக் கெடுத்தது. மரவள்ளி கருகியது. துவைக்கும் வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சளானது. டோரதி அங்கேயே வாழும் நுண்ணுயிர்களைச் சேற்றோடு அள்ளிவந்து, சாணமும் வைக்கோலும் வெல்லக் கரைசலும் கொடுத்து மூடிய டிரம்களில் ஆறு மாதம் வளர்த்தார். அந்தத் தண்ணீரை இந்தச் சேற்றின் வழியே மெல்ல விட்டால் உலோகம் அடியில் படியும், புளிப்பும் குறையும். மழைக்கு முன் டிரம்கள் கிணற்றடிக்குப் போயாக வேண்டும்.

டோரதி ஊரில் இல்லாத வாரத்தில் டிரம்களிலிருந்து அழுகிய முட்டை வாடை கிளம்பியது. சேறு கெட்டுவிட்டது என்று பதறிய ரங்கநாயகி, டிரம்மெல்லாம் திறந்து ப்ளீச்சிங் பவுடரைத் தாராளமாகப் போட்டார். மறுநாள் வாடை போயே போச்சு. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை டோரதி மூக்கைச் சுளித்து, "நாத்தம் எங்க போச்சு, ரங்கநாயகிம்மா?" என்றார். விஷயம் தெரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த நாத்தந்தான் அதுங்களோட மூச்சு. உங்ககிட்ட சொல்லாமப் போனது என் தப்பு."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்த அம்மாளின் நல்ல மனசு ரங்கநாயகியை அன்றிரவு முழுக்க அழவைத்தது. அழுகைக்கு நடுவில்தான் நினைவு வந்தது. இரண்டு மாதம் முன்பு ஆய்வுக்கூடம் பார்க்க வந்த மலர்க்கொடியிடம், "தயிருக்கு உறை மாதிரி வச்சுக்க" என்று விளையாட்டாக ஒரு சட்டிச் சேறு கொடுத்திருந்தார்.

விடிந்ததும் டோரதியிடம் சொல்லிவிட்டு மலையடிவாரத்துக்கு பஸ் ஏறினார். மலர்க்கொடியின் வாசலில் நின்று உள்ளதைச் சொன்னார்.

"நான்தான் கொன்னுட்டேன் மலரு. அந்த உறையில கொஞ்சம் இருக்கா?"

மலர்க்கொடி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கிணறாயிற்றே. பிறகு உள்ளே போய், வாய் இறுக்கிக் கட்டிய சட்டியைக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வெல்லம் ஊட்டியிருந்தாளாம். துணியை அவிழ்த்ததும் குப்பென்று அதே வாடை. வாழ்நாளில் முதல்முறையாக நாற்றத்தை ஆசைதீர இழுத்துவிட்டு ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிரம்களைக் கழுவி, புதுச் சாணமும் வைக்கோலும் போட்டபின், அந்தச் சட்டியிலிருந்துதான் எல்லா டிரம்மும் மறுபடி பிழைத்தன. உறை இருந்ததால் இந்தமுறை ஆறு மாதம் ஆகவில்லை; மூன்று வாரத் தாமதத்தோடு கிணற்றடிக்குப் போயின. தை மாதம் ரங்கநாயகி பார்க்கப் போனபோது கொடியில் வெள்ளைச் சட்டைகள் வெள்ளையாகவே காய்ந்தன. டோரதியின் புளிப்பு அளக்கும் மீட்டர் சொன்னதைவிட அதைத்தான் அவர் நம்பினார்.

கிளம்பும்போது மலர்க்கொடி ஒரு சட்டியை அவர் கையில் வைத்தாள்.

"இது உங்க வீட்ல இருக்கட்டுங்க அக்கா. நாளைக்கு எங்களுது செத்துப்போனா நான் யாருகிட்ட போயி கேப்பேன்?"

கொன்ற கையிலேயே கொடுக்கிறாளே என்று நினைத்துக்கொண்டே ரங்கநாயகி நடந்தார். திரும்பும் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு யார் என்று தேடினார்கள். அவர் சட்டியை மடியில் வைத்து, ஸ்ரீரங்கம் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.