ஆந்தைக்கு நட்ட கழிகள்

பங்குனிக் கடைசியில் எங்கள் வயல்களில் கொலை ஆரம்பமாகும். நெல் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து காய்த்து நிற்கும்போது எலிகள் வரப்பைக் குடைந்து குடியேறிவிடும். வளையில் புகை ஊதி, வெளியே ஓடிவருவதை மண்வெட்டியால் பிளப்போம். அந்தப் போரில் என் பங்கு பெரும்பாலும் சொந்தக் கால் கட்டைவிரலை வெட்டிக்கொள்வதுதான்.

ஆகவே நான் ஆந்தைகளை வேலைக்கு வைத்துக்கொண்டேன். மூங்கில் கழியின் உச்சியில் ஒரு குறுக்குக்கட்டை கட்டி வயலில் ஆங்காங்கே நட்டால், இருட்டியதும் ஆந்தை வந்து உட்காரும். கீழே ஓடும் எலியைத் தூக்கிக் கிழிக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் கழியடியில் மயிரும் எலும்பும் கிடக்கும். எனக்கு மனசு குளிரும். விஷம் வைக்க மாட்டேன், செத்த எலியைத் தின்று ஆந்தையும் சாகும் என்பதால். மேட்டுப் புதரைக் கீரிகளுக்காக வெட்டாமல் விட்டிருந்தேன். சோம்பேறித்தனம் என்றாள் மனைவி. அதுவும் உண்டு.

நிலம் பண்ணையாரிடம் குத்தகைக்கு எடுத்தது. புது ஆட்சி வந்து, குத்தகைக்காரனை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. சட்டம் சென்னையில் இருந்தது, தடி எங்கள் ஊரில் இருந்தது. உளுந்தை யார் பறிக்கிறார்களோ அவர்தான் சாகுபடிக்காரர் என்று ஊர்க் கணக்குப்பிள்ளை பதிவேட்டில் எழுதுவார். பண்ணையின் காரியக்காரர், தன் ஆட்களே பறிப்பார்கள் என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். பறித்துவிட்டால் என் நிலம் போச்சு.

அந்த வருடம் கழி கட்டும்போது கயிறு தீர்ந்துவிட்டது. மனைவியின் கிழிந்த சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினேன். மிச்சத் துணியை நறுக்கவில்லை, காற்றில் ஆடியது. வயலில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டினால் விவசாயிகள் சங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது என்று பொருள். எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மண்டை முழுக்க அப்போது ஆந்தை.

மறுநாள் காலையில் காரியக்காரர் ஆட்களோடு வந்தார்.

"எவன்டா கொடி நட்டது?"

"கொடி இல்லீங்க. ஆந்தை உக்கார."

"ஓகோ. ஆந்தையும் சங்கத்துல சேந்துடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் தப்பாகிவிட்டது. ஒருவன் கழியைப் பிடுங்கி என் முழங்கையில் போட்டான். தேடித்தேடி வெட்டி வந்த முற்றின மூங்கில். அது உடையவில்லை, கைதான் உடைந்தது.

சத்தம் கேட்டு மனைவியின் தம்பி ஓடிவந்தான். அவன் நிஜமாகவே சங்கத்துக்காரன். சிவப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அத்தான், சொல்லாமலே நட்டுட்டீங்களே."

"ஆந்தைக்குடா..."

அவன் காதில் ஏறவில்லை. இன்னொரு கழியைப் பிடுங்கி, காரியக்காரர் ஆள் ஒருவனின் மண்டையைப் பிளந்தான். அவன் பின்னால் தெரு ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருவன் காதில் அரிவாள் பட்டுப் பாதி தொங்கியது. உளுந்துச் செடியெல்லாம் ரத்தம். நான் வரப்போரம் குப்புறக் கிடந்து வீரமாகக் கத்திக்கொண்டிருந்தேன். போலீஸ் வேன் வந்து, யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல் சமமாக அடித்து எல்லோரையும் அள்ளிப்போனது.

"கழி எதுக்கு நட்ட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆந்தைக்குங்க சார்."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. "ஒழுங்கா சொல்லு."

"கொடிதான் சார்."

இன்னொன்று. உண்மைக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று, நடுநிலையான மனிதர்.

இரு தரப்பு ஆண்களும் ஸ்டேஷனில் இருந்தபோது, என் மனைவி தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, ஒரு செடி விடாமல் பறித்துத் தலைச்சுமையாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் வந்து பார்த்தபோது வாசலில் குவிந்திருந்தது.

"பாதி முத்தவே இல்லையே," என்றேன்.

"நீங்க அடி வாங்கி முடிச்சு வர்ற வரைக்கும் வச்சிருப்பாங்களா?"

செடி காய்ந்ததும் தடியால் அடித்து உளுந்தை உதிர்க்க ஆரம்பித்தாள். காரியக்காரர் கணக்குப்பிள்ளையோடு வந்து நின்றார்.

"யாரக் கேட்டுப் பறிச்ச?"

அவள் கை நிற்கவில்லை. தடி அவர் வேட்டிக்கரையை உரசி இறங்கியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேல படும்."

காரியக்காரர் தள்ளி நின்றார். கணக்குப்பிள்ளை இன்னும் தள்ளிப் போய், தெருவில் நின்றபடியே சாகுபடி என்று என் பெயரை எழுதினார். நானும் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.