ஆடிக் காற்றில் ஒரு நீலச்சிறகி

ஜூலை மாதத்து ஞாயிறு, காலை 6.15. பதுளையில் பெரகல போகும் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் 260 ரூபாய். தூரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பையில் பைனாகுலர், மனதில் சந்தேகம்.

பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ரெஜினா, போன வருடம் இதே பஸ்ஸில் எனக்குப் பழக்கமானவர். "கண்ணுக்கு மேல வெள்ளக் கோடு போட்ட தாரா ஒண்ணு நம்ம கொளத்துல நிக்குது டீச்சர்" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார். அது நீலச்சிறகி வாத்தின் அடையாளம். ஆனால் குளிர்காலத்தில் இலங்கைக்கு வரும் நீலச்சிறகிகள் ஏப்ரலுக்குள் வடக்கே திரும்பிவிடும். ஜூலையில் அதற்கு இங்கே என்ன வேலை?

8.40. பெரகல சந்தியிலிருந்து நாலு கிலோமீட்டர் ஆட்டோ, 500 ரூபாய். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. தேவாலயத்தில் பூசை முடிந்து நேராக வந்திருந்த ரெஜினா குளக்கரையில் நின்றார்.

பாதி வற்றிய குளம். எதிர்க்கரைக் கோரையோரம் பழுப்பு வாத்து ஒன்று. வெள்ளைப் புருவம் தெரிந்தது. சிறகையும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். பறக்க வைக்கலாமென்று ஒரு கல்லை எடுத்தேன். ரெஜினா என் கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாங்க டீச்சர். ரெண்டு கெழமையா பாக்குறேன், அது பறக்கவே இல்ல. நாய் வந்தப்பகூட தண்ணியில நீந்தித்தான் தப்பிச்சிச்சு."

வெட்கத்தோடு கல்லைக் கீழே போட்டேன்.

10.50. வாத்து சேற்றில் ஏறிச் சிறகை விரித்தது. தோள்பக்கம் சாம்பல் கலந்த நீலம். நீலச்சிறகியேதான்! ஆனால் நீண்ட இறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் தூரிகை முனை போலக் குட்டைக் குருத்துகள். இந்த வாத்துகள் வருடத்தில் ஒருமுறை பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்க்கும். புதியவை வளரும்வரை பறக்க முடியாது.

"இன்னும் ரெண்டு கெழமையாவது ஆகும்" என்றேன்.

ரெஜினாவின் முகம் மாறியது. "நாளைக்குக் கொளத்த வத்தவச்சு சேறு அள்ளப் போறாங்களே!"

தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். "ஒரு தாராவுக்காக வேலைய நிப்பாட்டணுமா?" என்றார் அவர். பறவைகளின் வலசை பற்றி நான் பாடம் எடுக்கத் தொடங்க, அவர் கண் கடிகாரத்துக்குப் போனது.

ரெஜினா குறுக்கிட்டார். "நிப்பாட்ட வேணாங்கய்யா. மடைய பாதி தெறங்க, கோரப் பக்கம் தண்ணி நிக்கட்டும். அந்தப் பக்கத்த மட்டும் கடைசியா அள்ளச் சொல்லுங்க. அதுக்குள்ள ரெண்டு கெழமை ஓடிரும்."

கணக்கப்பிள்ளை எங்களோடு குளத்துக்கு நடந்தார். பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"எங்கருந்து வந்துச்சு?"

"சைபீரியாப் பக்கமா இருக்கலாம்."

"அம்புட்டுத் தூரமா!" இன்னொரு முறை பார்த்தார். "சரி, கோரப் பக்கம் கடைசியில பாத்துக்குவோம்."

பிற்பகல் 1.30. திரும்பும் பஸ். ஏப்ரலில் அது ஏன் போகவில்லை என்பது எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசரத்தில் நான் கல்லெடுத்தேன். ரெஜினா இரண்டு வாரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பதினாறாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், போயிருச்சு! கொளத்த ரெண்டு சுத்து சுத்திட்டு கீழ வெல்லவாயப் பக்கமா பறந்து எறங்கிருச்சு. நான் கொழுந்துக் கூடையோட நின்னு கை தட்டிட்டேன். வேலைய விட்டுட்டு நின்னேன்னு கங்காணிகிட்ட நல்லா ஏச்சு."