தங்கராஜு மூன்று நாள் செத்துப் பார்த்தது

சிங்கப்பூர் எல்லையைத் தாண்டி இருக்கும் கூலாய் ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் தங்கராஜு, வயது அறுபத்திரண்டு. பள்ளி வேன் ஓட்டுகிறார். மனைவி பிரேமலா. மகன் ஜீவன் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். மகள் ஷர்மினிக்கு இருபத்து மூன்று வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். தெரிந்த இருநூறு சொல்லை வைத்து எல்லாவற்றையும் பேசிவிடுவாள். பணக்கணக்கு மட்டும் வராது.

தங்களுக்குப் பிறகு மகள் கஷ்டப்படக் கூடாதென்று பெற்றோர் இருவரும் தங்கள் சேமிப்பு முழுவதற்கும் அவளையே வாரிசாக எழுதி வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் டிரஸ்ட் நிறுவன அதிகாரி ஒருவர் கேட்டார்: "அவங்க பேர்ல பணம் வந்துச்சுன்னா, யாரு கையெழுத்துப் போட்டு எடுப்பா?" அதன் பிறகு தங்கராஜு ஏற்பாட்டை மாற்றினார். சேமிப்பு ஒரு டிரஸ்டில் சேரும், அதிலிருந்து மாதாமாதம் ஷர்மினியின் செலவுக்குப் பணம் வரும், பார்த்துக்கொள்பவன் ஜீவன். மருந்து, கிளினிக் தேதி, மாற்றுத்திறனாளி அட்டை எல்லாம் முப்பத்து நான்கு பக்கமாக ஒரு நீலக் கோப்பில் ஏறின. ஜீவனின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"பணம்லாம் சரிப்பா. அவ அழுதா என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியாது. எந்தத் தைரியத்துல சைன் பண்றது?" என்றான் ஜீவன்.

"அப்ப நாங்க மூணு நாளு செத்துப் பாக்குறோம்," என்றார் தங்கராஜு.

"மொதல்ல வாயக் கழுவுங்க!" என்று திட்டிக்கொண்டே பிரேமலா துணிப்பையை எடுத்தார்.

13.9.2025, சனிக்கிழமை காலை 8.10க்கு வேன் மூவாருக்குப் புறப்பட்டது. அங்கே பிரேமலாவின் அக்கா வீடு. "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருந்தா மட்டும் எங்களக் கூப்பிடுங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாலைவரை எல்லாம் கோப்பின்படி நடந்தது. 4.30க்கு ஷர்மினி கேட்டருகே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஐம்பது நிமிடம் நிற்கவில்லை. ஜீவன் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுப் பக்கச் சுவர்மேல் எட்டிப் பார்த்தான்.

"மாமா, அழுகைக்கு இதுல பக்கமே இல்லலா!"

5.20க்கு ஷர்மினியே சொன்னாள்: "வேன்." தினமும் நாலரைக்கு அப்பாவோடு வேன் டயர்களைக் கழுவுவது அவள் வேலை. அதையும் எழுத வேண்டும் என்று தங்கராஜுவுக்குத் தோன்றவில்லை. நான் என் கேட்டைத் திறந்துவிட்டேன். என் கார் டயர்கள் நான்கும் அன்று இரண்டுமுறை கழுவப்பட்டன.

ஞாயிறு காலை பிரேமலா பொறுக்க முடியாமல் ஜீவனுக்குப் போன் போட்டார். "புள்ள சாப்பிட்டாளாடா?"

"அம்மா, நீங்க செத்துட்டீங்க. போன வைங்க."

ஷர்மினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

திங்கள் மாலை அவர்கள் திரும்பியபோது கோப்பில் ஜீவன் கைப்பட எழுதிய ஒன்பது பக்கம் கூடியிருந்தது. 'அப்புறம்' என்று சொல்லக் கூடாது, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும், குளிக்கும்போது கதவைத் தட்டக் கூடாது, இப்படிப் பல.

"சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் கணக்குப் போட்டிருக்கீங்கப்பா. அவளுக்கு வேலை வேணும். போய்வர வண்டிச் செலவு, கத்துக்குடுக்க ஒரு ஆளு, இதெல்லாம் எங்க?"

"உயிரோட இருந்தப்ப எனக்கு இதக் கேக்கத் தோணலியேடா," என்றார் தங்கராஜு. மறுநாளே கணக்கை மாற்றிப் போட்டார். மாதத் தொகை கூடியது. அதற்காக வேனை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவது என்று முடிவு செய்தார். பிறகு மகளிடமே கேட்டார்கள், என்ன வேலை வேண்டும் என்று.

"கார். நெறைய கார்."

4.10.2025 அன்று ஜீவன் கையெழுத்திட்டான். நவம்பர் 3 முதல் ஷர்மினி வாரத்தில் இரண்டு நாள் காலையில் அர்ச்சுனன் என்பவருடைய கார் கழுவும் கடைக்குப் போகிறாள். ஆரம்பத்தில், ஜீவன் கேட்டபடி, கற்றுக்கொடுக்க ஒருவர் கூடவே இருந்து பழக்கினார்.

முதல் வார முடிவில் அர்ச்சுனன் ஜீவனைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒங்க தங்கச்சி டயரத் தவிர வேற எதையும் தொட மாட்டேங்குது."

"டயர் எப்படிண்ணே இருக்கு?"

"புதுசு மாதிரி இருக்கு. அதான் அடுத்த வாரம் மூணு நாளு வரச் சொல்லலாமான்னு கேக்குறேன்."