மல்லாந்தார் குப்புறப் படுத்த கதை

பஸ் டிப்போவில் அவரை எல்லோரும் மல்லாந்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, காலால் உந்தி வண்டிக்கு அடியில் போய்விடுவார். வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும் தெரியும். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான். மேலதிகாரிகள்கூட அந்த பூட்ஸிடம்தான் பேசிப் பழகியிருந்தார்கள்.

ஒருநாள் வண்டிக்கு அடியில் இடது கண்ணில் தூசி விழுந்தது. அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் மேலே பார்த்தார். தலைக்கு மேலே இருந்த போல்ட்டைக் காணவில்லை. சுற்றிலும் இரும்பு தெரிகிறது, நடுவில் மட்டும் யாரோ அழித்துவிட்ட மாதிரி. வலது விழித்திரையின் நடுமையத்தில் சின்னதாக ஓட்டை விழுந்திருக்கிறது என்று உள்ளூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்ய, மலைமேல் இருந்த அவர்கள் ஊரிலிருந்து கீழே இறங்கி, ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

முதல் தடவை போனபோது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள ஒரு காஸ் குமிழி விடுவோம். அது மேல எழும்பி ஓட்டையை அழுத்தி மூடணும். அதனால பத்து நாள் நீங்க குப்புறத்தான் இருக்கணும். படுத்தாலும் சரி, உட்கார்ந்தாலும் சரி, முகம் தரையைப் பார்க்கணும். குமிழி கரையுற வரைக்கும் மலை ஏறவே கூடாது. ஒன்றரை மாசம், ரெண்டு மாசம்கூட ஆகலாம்."

"ஏன் ஏறக்கூடாது?" என்று அவர் மனைவி கேட்டாள்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மல்லாந்தாரே பதில் சொன்னார். "கீழேருந்து வர்ற சிப்ஸ் பாக்கெட் நம்ம ஊருக்கு வந்ததும் உப்பிப்போய் நிக்குமே, பார்த்ததில்ல? அது என் கண்ணுக்குள்ள உப்பும்."

"பிரமாதம்," என்றார் டாக்டர். "உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்."

வாழ்நாள் முழுக்க மல்லாந்து கிடந்த மனுஷனைப் பத்து நாள் குப்புறக் கிடக்கச் சொன்ன செய்தி டிப்போவுக்குப் போனதும் அங்கே ஒரே சிரிப்பு. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு ஹாலில் தலையணையில் முகம் புதைத்துப் படுத்துப் பார்த்தார். கால் மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்துவிட்டார். கழுத்து இரும்பாக இறுகிவிட்டது.

மறுநாளே காரியத்தில் இறங்கினார். கழித்துப்போட்ட பஸ்ஸின் டிரைவர் சீட்டை டிப்போ மேனேஜரிடம் கேட்டு வாங்கினார். அதன் ஸ்பாஞ்சை வளையமாக வெட்டி, ரெக்சின் போர்த்தி, இரண்டு குழாய்க் கால்கள் வைத்து, உயரத்தை ஏற்ற இறக்க போல்ட்டும் மாட்டினார். முகத்தை வளையத்தில் வைத்தால் மூக்கும் வாயும் காற்றாட இருக்கும். முதலில் செய்தது நெற்றியை அழுத்தியது. இரண்டாவது காதைக் கடித்தது. மூன்றாவதில் இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்தார். மனைவி பயந்துபோய் முதுகைத் தட்டியபோது "தொந்தரவு பண்ணாதே" என்று வளையத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

அடுத்து வந்தது பெட்டி கட்டும் படலம். அவள் தபால் ஆபீஸ் பார்சல் கவுண்ட்டரில் இருபது வருஷம் வேலை பார்ப்பவள். எந்தப் பொருளையும் கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடுவாள். பெட்டி விஷயத்தில் அவளிடம் வாய் கொடுக்க ஆள் கிடையாது. ஸ்டவ், குக்கர், வாளி, இரண்டு மாதத் துணிமணி, ஸ்ட்ரா ஒரு கட்டு, முகம் கவிழ்ந்தபடியே எதிரில் இருப்பவரைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி, எல்லாம் கச்சிதமாக இடம் பிடித்தன. தலைவழியாக மாட்டும் சட்டை கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் முன்பக்கம் பட்டன் வைத்த தன் காக்கிச் சட்டைகளை மல்லாந்தார் கொண்டுவந்து நீட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா, டூட்டிக்கு வர்றீங்களா?"

"பட்டன் கேட்டாங்க, பட்டன் இருக்கு. வை."

வைத்தாள். மூன்றாவது பெட்டியைத் தூக்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "இதுல மூணு கிலோ என்னுது இல்ல." உள்ளே துணிக்கு அடியில் ஸ்பேனர் செட்.

"வளையத்துக்குக் கால் மாட்டணும்ல?"

"அதுக்கு ஒண்ணு போதாதா? மொத்தக் குடும்பத்தையும் கூட்டிட்டு வரணுமா?"

"அங்க எந்த சைஸ் போல்ட் இருக்கும்னு யாருக்குத் தெரியும்!"

ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவரிடம் சண்டை பிடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை மூடினாள்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வார்டுக்கு வந்ததும் அவள் குழாய்க் கால்களை வெளியே எடுக்க, தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்னம்மா இது, இரும்புக்கடை?" ஆனாலும் வளையத்தை அமுக்கிப் பார்த்தார். டாக்டரம்மாவும் வந்து பார்த்தார். மருந்து போட்டுத் துடைத்துவிட்டு உபயோகிக்கலாம் என்று உத்தரவு கிடைத்தது.

அந்த வார்டில் இன்னும் மூன்று பேர் குப்புறக் கிடந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். மூன்று தலையணைகளோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோயிருந்தார். "முப்பது வருஷம் நின்னுக்கிட்டே பாடம் நடத்தினேன். கழுத்துன்னு ஒண்ணு இருக்கிறதே இப்பத்தான் தெரியுது," என்று முனகினார்.

மல்லாந்தாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்ற மூவருக்கும் வளையம் செய்யச் சாமான் கிடைக்குமா என்று மூன்றாம் நாள் நர்ஸிடம் கேட்டார். ஸ்டோரில் உடைந்துகிடந்த வீல்சேர்களின் சீட்டும் குழாயும் வந்து சேர்ந்தன. அவர் நாற்காலியில் கவிழ்ந்து உட்கார்ந்து, இடது கண்ணால் தரையைப் பார்த்தபடி கட்டளை போட்டார். கனம் தூக்கவும் பலம் கொடுக்கவும் அவருக்குத் தடை. அதனால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் அவர் மனைவிதான். பிறந்ததிலிருந்து ஸ்பேனரைத் தொடாதவள்.

"பதிமூணாம் நம்பரை எடு. வலப்பக்கமா சுத்து. இன்னும் கொஞ்சம். போதும், போதும், மரை போயிடும்."

"போகாது. எனக்குக் கை சொல்லுது," என்றாள்.

சொன்னது சரியாகவும் இருந்தது. முகத்தைத் தூக்க முடியாததால், அவள் கையைப் பார்த்தபடியே மல்லாந்தார் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் மூன்று வளையங்களும் தயார். பேராசிரியர் முகத்தை வைத்தார். வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து குறட்டை வந்தது.

பத்தாம் நாள் ஸ்கேனில் ஓட்டை முழுசாக மூடியிருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரித் தெருவில் எடுத்த அறையில் காத்திருப்பு. கண்ணுக்குள் குமிழி நாளுக்கு நாள் சிறுத்து, கடைசியில் மிளகளவாகி, ஏழாவது வாரம் ஒரு காலையில் காணாமலே போனது. முன்பு கண் பரிசோதனைப் பலகையில் பெரிய எழுத்தையே தடுமாறிப் படித்தவர், அன்று ஆறாவது வரியை ஒரு மூச்சில் படித்தார். டாக்டரம்மா கைதட்டிவிட்டார். ஆஸ்பத்திரி பராமரிப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து, வளையத்தை அளவெடுத்துக்கொண்டு போனார்கள். எல்லா வார்டுக்கும் செய்யப்போகிறார்களாம். "போல்ட் இறுக்குறதுல சந்தேகம் வந்தா இவங்களைக் கேளுங்க," என்று மனைவியைக் காட்டினார் மல்லாந்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட். மலை ஏற ஏற, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மைல் கல், கடைப் பலகை, எதிரே வந்த லாரியின் நம்பர் என்று ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.

"போதும்ங்க. பஸ்ல எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டுமே! நானும் பார்த்துக்கிட்டுத்தானே வர்றேன்?"