கையொப்பமில்லாத அறிக்கை

புதுக்கடை நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கையொப்பமில்லாத காகிதம் எதையும் ஏற்றதில்லை. பாரிசவாதத்தில் பேச்சிழந்த என் தம்பி கனடாவிலிருந்து தினமும் என்னுடன் கணினியில், காய்களைச் சுண்டிக் குழியில் தள்ளும் கரம் ஆடுவான். அவனிடமிருந்து எனக்கு வருவது அது ஒன்றுதான். ஐந்து நாட்களாக அந்த விளையாட்டுத் திறக்கவில்லை. கணினியின் நிலை பற்றிய அறிக்கையை அனுப்பும்படி விளையாட்டு நிறுவனத்தார் எழுதியிருந்தனர்.

வெள்ளவத்தையில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தவர் மருதாணிச் சிவப்புத் தாடிக்காரர். யாருடைய கணினியானாலும் மற்றவர் பார்க்காதபடி திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிய பின்பே தொடுவார். நிறுவனத்தார் எழுதியதைப் படித்துவிட்டு ஏதோ தட்டினார்; நீண்ட பட்டியல் ஒன்று அறிக்கையாக வந்தது.

“இதில் கையொப்பம் எங்கே?” என்றேன்.

“தேவல்ல சேர். மெஷின் பொய் சொல்லாது.”

அப்போது எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் உள்ளே வந்தார். “என்ன ரெஜிஸ்ட்ரார் ஐயா, இந்த வயசில கொம்பியூட்டரோ?”

நான் வாய் திறக்குமுன், “சேர்ட பென்ஷன் பேப்பர்” என்றார் கடைக்காரர், திரையை இன்னும் சற்றுத் திருப்பியபடி.

அறிக்கையைக் கையொப்பமில்லாமலே அனுப்பினேன்; நிறுவனத்தின் பதில் இன்னும் வரவில்லை. இந்த வயதில் ஒரு விளையாட்டுக்காக வந்த என் வெட்கத்தைக் கடைக்காரர் எப்படி அறிந்தார் என்பதும் எனக்கு விளங்கவில்லை. எனக்கு ஓய்வூதியத்தில் சிக்கல் என்று இப்போது புதுக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அது கரம் விளையாட்டுக்கான அறிக்கை.