இரண்டு பேர் படகு

கல்யாணமாகி மறுமாதம் நானும் என் மனைவியும் கொடைக்கானல் போனோம். 'நானும் என் மனைவியும்' என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ரெட்டிபாளையத்திலிருந்து வேன் நிறைய ஆள். "வேன் வாடகை எப்படியும் ஒண்ணுதான, சீட்டு சும்மாதான கெடக்குது" என்றார் அப்பா. சித்தப்பா குடும்பம் ஏறியது, மாமா குடும்பம் ஏறியது. எறையூரிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, புளிச்சோற்றுத் தூக்கோடு வந்து சேர்ந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகிறோம் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் புது மாப்பிள்ளையும் பெரியவர்களிடம் வாய் திறந்து சொல்ல மாட்டான். நானும் சொல்லவில்லை.

தூண்பாறையில் பனிமூட்டத்தைத்தான் பார்த்தோம். பைன் காட்டில் மரத்துக்கு ஒருவராக நின்று போட்டோ எடுத்தோம். சாக்லேட் வாங்கினோம். அவள் என்னிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஏரியில் காலால் மிதித்து ஓட்டும் படகு, இரண்டு பேர் உட்காருவது. நிச்சயமான நாளிலிருந்து போனில் அந்தப் படகின் படத்தை எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாவுக்கும் காட்டியிருந்தாள்.

ஏரிக்கு வரும்போது சாயங்காலம். படகுத்துறை மூடப்போகிற நேரத்தில் கடைசி டிக்கெட் கிடைத்தது. அவள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். பின்னால் மொத்தக் குடும்பமும் வேடிக்கை பார்க்க நின்றது. அப்போது அத்தை அவள் தோளைத் தொட்டார்.

"கண்ணு, நீங்க சின்னஞ்சிறுசு, எப்ப வேணாலும் வந்துக்கலாம். நான் ஒருதரம் ஏறிப் பாக்கட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், அத்தை விட்டுக்கொடுத்திருப்பார். ஆனால் அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டியோடுதான் போவேன் என்று சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதோ முக்கியமானதைப் போல ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஜாக்கெட்டைக் கழற்றி அத்தைக்கு மாட்டிவிட்டாள். "போயிட்டு வாங்க" என்றாள்.

கோயிலுக்குள் நுழைவது போல அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார். அவருக்குக் கால் எட்டவில்லை, நானே மிதித்தேன். தண்ணீரைக் கையால் அளைந்து அளைந்து சிரித்தார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. கரையில் அவள், தோளில் எல்லோருடைய பைகளோடும் கையில் அத்தையின் செருப்போடும் நின்றிருந்தாள். நாங்கள் இறங்கியதும் துறையை அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே வேன் ஊருக்குக் கிளம்பியது.

வழியெல்லாம் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

ஊர் வந்து சேர்ந்ததும் அவள் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். நான் அறை வாசல் வரை வந்துவிட்டேன், அவள் பார்க்கவில்லை. படகில் போனீர்களா என்றுதான் அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"போனோம்மா. அவரும் நானுந்தான். மிதிச்சு மிதிச்சுக் காலுதான் இன்னும் வலிக்குது" என்றாள்.

உள்ளே போய் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. செருப்புக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டேன்.