கிராஃப் தரையில் கிடந்த வாரங்கள்

அன்று அந்த ஃப்ளாட் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டர் வசந்தி: ஸ்கூடாய் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில், பிள்ளைகள் டேப்லெட்டில் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆய்வு செய்பவர். குணா சார்: அந்த ஆய்வின் ஒருங்கிணைப்பாளர், பணமும் சாமான்களும் அவர் பொறுப்பு. செல்வி அக்கா: கெலாங் பாத்தா பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஆப்பரேட்டர், அந்த வீட்டுக்காரர். அவர் மகள் யாழினி: தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அப்புறம் நான், ஸ்டெல்லா, கள உதவியாளர்.

நான் படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவள். பல்கலைக்கழக ஆட்களோடு வெளியே கிளம்பினாலே எனக்குப் பதற்றம். சார்ஜர் எடுத்தேனா, காரைப் பூட்டினேனா, டேப்லெட் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்குமோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அன்று பதற்றத்துக்குக் காரணமே இருந்தது. யாழினியிடம் கொடுத்த டேப்லெட்டைத் திரும்ப வாங்கப் போயிருந்தோம்.

டேப்லெட்டில் ஒரு கணித ஆப் உண்டு. பிள்ளை எவ்வளவு நேரம் அதில் இருந்தது என்பது டாக்டரின் கம்ப்யூட்டரில் கிராஃபாக விழும். சரியாகப் பயன்படுத்தாத வீட்டிலிருந்து டேப்லெட்டை எடுத்து, காத்திருக்கும் வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. யாழினியின் கிராஃப் ஒரு வாரம் ஏறும், மறுவாரம் தரையில் கிடக்கும். ரிப்போர்ட்டில் அந்த வீட்டுக்கு எதிரே ‘பெற்றோர் ஈடுபாடு குறைவு’ என்று எழுதிவிட்டார்கள்.

“பிள்ளைய கொஞ்சம் கவனிக்கணும்லா அக்கா,” என்றார் குணா சார். “ஃப்ரீயா குடுத்தும் தொடலன்னா எப்படி? ஷோகேஸ்ல வைக்கவா குடுத்தோம்?”

அக்கா யூனிஃபார்மில் நின்றார். பிற்பகல் ஷிப்டு, கீழே ஃபேக்டரி பஸ் வரும் நேரம்.

“பரவால்ல சார். எடுத்துக்குங்க.”

முதல் பேட்டியில், “டேப்லெட் எப்படி இருக்கும்மா?” என்று டாக்டர் கேட்டபோதும் அக்கா இதையேதான் சொன்னார்: “பரவால்லலா.” டாக்டர் ‘திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். சண்டை போடத் தெம்பில்லாதவர்கள் வாயிலும் அந்தச் சொல்தான் வரும் என்று எந்தக் கட்டத்திலும் போட்டிருக்கவில்லை.

பள்ளி உடையைக்கூட மாற்றாத யாழினி அழ ஆரம்பித்தாள். “எடுக்காதீங்க சார். அம்மா வேலைக்குப் போனா லைனும் போய்டும். நான் என்ன பண்றது?”

“எந்த லைன்?” என்று டாக்டர் கேட்டார்.

“அம்மா ஃபோன் ஹாட்ஸ்பாட். மார்னிங் ஷிப்டுன்னா சாயங்காலம் அம்மா வீட்ல இருப்பாங்க, நான் செய்வேன். ஆஃப்டர்நூன் ஷிப்டுன்னா ஃபோனும் பஸ்ஸுல ஏறிப் போய்டும்.”

அக்கா தலையைக் குனிந்தபடி சொன்னார்: “அந்த ஆப்புல வீடியோ ஓடுனா டேட்டா நிக்கறதில்ல டாக்டர். வாராவாரம் டாப் அப் போடுறேன். ஃபாரத்துல இண்டர்நெட் இருக்கான்னு கேட்டீங்க. ஃபோன்ல இருக்கே, அதான் இருக்குன்னேன்.”

இத்தனை நாளும் டாக்டர் பார்த்தது பிள்ளையின் ஆர்வத்தை அல்ல, தாயின் ஷிப்டு அட்டவணையை.

“அட, அலமாக், முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா,” என்றார் குணா சார். “ரிப்போர்ட் போயாச்சு டாக்டர். ஸ்டெல்லா, ரிட்டர்ன் ஃபாரத்துல சைன் பண்ணு, போலாம்.”

கள உதவியாளர் கையெழுத்து இல்லாமல் டேப்லெட்டைத் திரும்ப எடுக்க முடியாது. என் வேலையோ மாதாமாதம் புதுப்பிக்கும் கான்ட்ராக்ட். பயமும் இருந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

“நான் போடமாட்டேன் சார்.”

“என்னது?”

“நின்னு நின்னு கால் வீங்கி வர்றவங்களுக்கு ஈடுபாடு இல்லன்னு எழுதியிருக்கீங்க. உங்க வீட்டு வைஃபைய ஒரு வாரம் கழட்டிட்டுப் போறேன். அப்புறம் உங்க மகன் கிராஃபப் பாப்பமா?”

“வாய் நீளுது உனக்கு. வேல வேணுமா வேணாமா?”

“வேணும். அதுக்காகப் பொய்க்குக் கையெழுத்து போடணுமா?”

கீழே பஸ் ஹார்ன் அடித்தது. டாக்டர் எழுந்து, குணா சார் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கி யாழினியிடம் கொடுத்தார். “இது இங்கயே இருக்கட்டும். அந்த வரிய நான் எடுத்துடுறேன். டாப் அப் காசு நாங்க குடுத்திருக்கணும்மா. குடுப்போம்.” அக்கா பதில் சொல்ல நேரமில்லாமல் படியில் ஓடினார்.

டாக்டர் சொன்னபடி அந்த வரியை எடுத்தார். எனக்கு வேலையும் போகவில்லை, இந்த மாதம் வரை. காசு விஷயம் குணா சாரிடம் போனது. அவர் ரசீது கேட்டார். மளிகைக் கடையில் போட்ட டாப் அப்புக்கு ரசீதுக்கு எங்கே போவது? கடைக்காரர் ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அது செல்லாது என்று திரும்பி வந்தது. டேப்லெட் உறையில் ஆய்வின் பெயரைத் தங்க எழுத்தில் அடிக்க மட்டும் காசு இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இண்டர்நெட் இருக்கிறதா என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். யார் காசில் இருக்கிறது, அந்த ஆள் வெளியே போனால் இருக்குமா என்று கேளுங்கள். கேட்காமல் ஒரு தாயைப் பற்றி எழுதாதீர்கள்.

செல்வி அக்காவுக்கு இன்னும் வர வேண்டியது நூற்று இருபது ரிங்கிட்.